அக்கா, உங்கள் ஓநாய்களைப் பற்றி

அன்பையும் அதட்டலையும் ஒன்றாகவே தந்த என் ரெஜினாக்காவுக்கு,

நேற்று மொன்றியல் லாசாலில் உங்களுக்கு ஒரு வருடத் திருப்பலி ஒப்புக்கொடுத்தோம். நல்ல சனம். பூசை முடிந்து கோயிலின் கீழ் மண்டபத்தில் சாப்பாடு நடந்தபோது ஒவ்வொருவராக என்னிடம் வந்து உங்களைப் பற்றிக் கதைத்தார்கள். எல்லோரும் சொன்னது ஒரே கதைதான். "ரெஜினாக்காவுக்குப் பயம் எண்டா என்னெண்டே தெரியாது. ஓநாய் திரியிற காட்டுக்குள்ளை தனிய நிண்டு ஆடு வளர்த்தவ. ஓநாய்க்கே அவவிலை பயம்."

நான் கையில் தட்டோடு தலையாட்டிக்கொண்டு நின்றேன். இன்று காலை பண்ணைக்குத் திரும்பி வந்து, உங்கள் குசினி மேசையில் இருந்து இதை எழுதுகிறேன். உங்களைப் பற்றி இந்த ஒரு வருடத்தில் நான் அறிந்துகொண்டது வேறு. நான் செய்த காரியம் ஒன்றும் இருக்கிறது. அதை உங்களுக்குச் சொல்லவேண்டும். நேற்றுத் தலையாட்டியதற்குப் பிராயச்சித்தமாக மற்றவர்களும் வாசிக்கட்டும் என்று நம் ஆட்களின் பத்திரிகைக்கே அனுப்புகிறேன்.

உங்களை அறியாதவர்களுக்காக நாலு வரி எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். மன்னாரிலிருந்து வந்து மொன்றியலில் பதினேழு வருடம் உடுப்புத் தொழிற்சாலையில் தைத்தவர் நீங்கள். கலியாணம் செய்யவில்லை. ஐம்பத்து மூன்று வயதில் திடீரென்று, "தம்பி, நான் ஆடு வளர்க்கப்போறன்" என்றீர்கள். முதலில் நகரத்தோரத் தீவான இல்-பிசாரில் ஒரு துண்டு நிலம் கேட்டுப் பார்த்தீர்கள். வீடுகள் நெருக்கமாக வருகின்றன, ஆட்டு மணம் ஆகாது என்று சொல்லிவிட்டார்கள். கடைசியில் மொன்றியலுக்கு வடக்கே இரண்டரை மணித்தியாலம் தள்ளி, ஒரு பழைய பண்ணையைக் குத்தகைக்கு எடுத்தீர்கள். எண்பது செம்மறி. ராசா என்று ஒரு பெரிய வெள்ளை நாய். நம்மவர்களும் முஸ்லிம் ஆட்களும் இறைச்சிக்கு உங்களைத் தேடி வந்தார்கள். ஏழு வருடம் அப்படி இருந்தீர்கள்.

நான் அன்ரன், உங்கள் ஒரே தம்பி. புவாண்ட்-கிளேரில் ஒரு வேர்ஹவுஸில் பெட்டி ஏற்றுகிறவன். என் பயம் ஊரறிந்தது. எங்கள் அப்பார்ட்மெண்ட் படிக்கட்டில் யாருடைய நாயாவது குரைத்தால் நான் திரும்பி வீட்டுக்குள் போய்விடுவேன், என் மனைவி வசந்திதான் வெளியே வந்து பார்ப்பாள். உங்கள் பண்ணைக்கு நாங்கள் கோடையில் மட்டும் வந்தோம். ஒரே ஒருமுறை குளிர்காலத்தில் வந்தபோது பின்னேரம் நாலு மணிக்கு ஓநாய் ஊளை கேட்டது. ஒன்று தொடங்க, மற்றவை சேர்ந்துகொண்டன. நான் போய்க் காருக்குள் இருந்துவிட்டேன். நீங்கள் சிரித்தபடி வந்து கண்ணாடியில் தட்டினீர்கள். ஞாபகம் இருக்கிறதா?

ஆஸ்பத்திரியில் உங்கள் கடைசிக் கிழமை. மருந்து ஏறிக்கொண்டிருந்தது. என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு சொன்னீர்கள்: "தம்பி, ஆடுகளைக் குட்டி போடமுன்னம் வித்துப்போடாதை. வயித்துப்பிள்ளையோடை விக்கிறது பாவம். குட்டி போட்டு, பால் மறந்தாப் பேந்து என்னவெண்டாலும் செய்."

"ஓம் அக்கா."

"ஊளைச் சத்தம் கேட்டாப் பயப்பிடாதை. அதுகளுக்கு எங்கை நிக்கிறதெண்டு தெரியும்."

அந்த இரண்டாவது வசனத்தின் அர்த்தம் எனக்கு அப்போது விளங்கவில்லை. மருந்து மயக்கத்தில் கதைக்கிறீர்கள் என்று நினைத்தேன். ஓம் என்று சொல்லிவிட்டேன். நாலாம் நாள் நீங்கள் போய்விட்டீர்கள். ஐப்பசி மாதம் அது.

புதுவருடம் வரைக்கும் உங்கள் அயலவர் ரெஜான்தான் தன் டிராக்டரில் வந்து ஆடுகளுக்குப் புல் போட்டார். வேட்டை தெரிந்த மனிதர், தனி ஆள். அவருக்குத் தன் மாடுகளையும் பார்க்கவேண்டியிருந்ததால், அதற்கு மேல் கேட்க எனக்கு மனம் வரவில்லை. வேலையில் சம்பளமில்லாத லீவு எடுத்தேன். வசந்தி சொன்னாள்: "உங்களாலை ஏலாது. ஏலாதெண்டு தெரிஞ்சுகொண்டு போறியள்." அது உண்மை. ஆனாலும் போனேன்.

என் நகரத்துக் குளிர்ச்சட்டை அங்கே ஒரு மணித்தியாலத்துக்கும் காணாது. கதவுக்குப் பின்னால் உங்கள் சிவப்புச் சட்டை தொங்கியது, முழங்கால் வரை நீளம், தலைமூடியில் மயிர் வைத்துத் தைத்தது. அதைப் போட்டுக்கொண்டேன். கொட்டிலிலிருந்து கீழ்வேலிக்குப் புல் கொண்டுபோக உங்கள் பிளாஸ்டிக் சறுக்குத்தட்டு கிடந்தது. அதில் புல்லைக் கட்டி, கயிற்றைத் தோளில் போட்டு இழுத்தேன். இறுகின பனியில் அது கரகரவென்று வெகுதூரம் கேட்கும்.

மூன்றாம் நாள் பின்னேரம் மூன்று மணியிருக்கும். புல்லை உதறிவிட்டு நிமிர்ந்தேன். காட்டு விளிம்பில் மூன்று உருவங்கள்.

மன்னாரில் நரி உண்டு. ஓநாயை நான் படத்தில்தான் பார்த்திருந்தேன். படத்தில் பல் தெரியும், வாய் திறந்திருக்கும். இவை சும்மா நின்றன. என்னையே பார்த்துக்கொண்டு அசையாமல் நின்றன. மர விளிம்பில் அசையாமல் நிற்கும் உருவங்களைக் கண்டால் என் உடம்புக்கு ஒரே அர்த்தம்தான், அக்கா. உங்களுக்குத் தெரியும். எங்கள் ஒழுங்கை முடிவில் அப்படித் துவக்குகளோடு நின்றவர்களைக் கண்டுதான் நாங்கள் வீட்டை விட்டு ஓடினோம்.

ராசா குரைக்கவில்லை. வாலைத் தாழ்த்திக்கொண்டு என் பக்கத்தில் நின்றது. நாயே பயந்துவிட்டது என்று நினைத்தேன்.

குசினிக்குள் வந்து வசந்திக்குப் போன் எடுத்தேன்.

"நிக்குதுகள்."

"என்ன நிக்குது?"

"ஓநாய். மூண்டு."

"நீங்கள் எங்கை நிக்கிறியள்?"

"வீட்டுக்குள்ளை."

"கதவைப் பூட்டினனீங்களே?"

"ஓம்."

"அப்ப ஆடு?"

போனை வைத்துவிட்டுப் பூட்டை இன்னொருமுறை இழுத்துப் பார்த்தேன்.

மறுநாளும் அதே நேரம் வந்தன. அதற்கு மறுநாளும் வந்தன. வேலிக் கட்டைகளை எண்ணி நான் தூரம் பார்த்தேன். முதல் நாள் நாற்பது கட்டைத் தூரம். பிறகு முப்பது. பிறகு இருபது. நான் சறுக்குத்தட்டை இழுக்கத் தொடங்கினால் போதும், மரங்களுக்குள்ளிருந்து வெளியே வந்துவிடும். அதில் ஒன்று சாம்பல் நிறம், வாயைச் சுற்றி வெள்ளை. அது பனியில் இருந்துகொண்டு பார்க்கும், பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர்போல.

மாசி பிறந்த கிழமை, காலையில் கீழ்வேலியோரம் ஒரு சினை மறியாடு செத்துக் கிடந்தது. தொண்டையும் வயிறும் திறந்திருந்தன. வயிற்றுக்குள் இருந்த இரண்டு குட்டிகளும் பனியில் கிடந்தன, மயிர்கூட முளைக்காதவை. இரண்டு நாள் கழித்து இன்னொன்று. அதற்கடுத்த நாள் இன்னொன்று. மீதி ஆடுகள் ஒரே மூலையில் ஒன்றையொன்று நசித்துக்கொண்டு நின்றன. புல் போட்டாலும் அந்த இடத்தை விட்டு வரவில்லை. அவற்றின் கண்ணைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. நானும் அப்படித்தான் வீட்டுக்குள் நின்றேன்.

ரெஜான் வந்து பார்த்தார். அடித்தடத்தின் மேல் தன் உள்ளங்கையை வைத்தார், சரியாக இருந்தது. அவர் பிரெஞ்சும் உடைந்த ஆங்கிலமுமாகச் சொன்னதை நான் தமிழில் எழுதுகிறேன்.

"உங்கள் அக்கா இருந்த காலத்தில் இங்கே ஒரு ஆடுகூடப் போகவில்லை."

"அதுகளுக்கு அக்காவிலை பயம்" என்றேன், எனக்குத் தெரிந்த பிரெஞ்சில்.

அவர் என்னை ஒருமாதிரிப் பார்த்தார். "உங்களுக்குத் தெரியாதா?" என்றார். பிறகு, "வாருங்கள்" என்று சொல்லிவிட்டு நடந்தார். தோளில் துவக்கு இருந்தது. அதனால்தான் நான் பின்னால் போனேன்.

காட்டுக்குள் கால்மணித்தியாலம் நடந்திருப்போம். மரங்கள் விலகி ஒரு வெளி வந்தது. பனிக்கு மேலே கறுப்பும் மஞ்சளுமாக ஏதோ நீட்டிக்கொண்டிருந்தது. கிட்டப் போனபோதுதான் எலும்பென்று தெரிந்தது. விலா எலும்புகள், மண்டையோடுகள், குளம்புகள். ஒரு வருடத்து எலும்பு இல்லை அது. ரெஜான் காலால் கிளறி, ஆட்டின் காதில் குத்தும் மஞ்சள் தகடு ஒன்றை எடுத்து என் கையில் தந்தார். உங்கள் பண்ணையின் தகடு.

"செத்த ஆடுகளை, பிறக்கும்போதே செத்த குட்டிகளை எல்லாம் இங்கேதான் இழுத்துக்கொண்டு வந்து போடுவார். சாவு இல்லாத கிழமைகளில் இறைச்சிக்கடையில் கழிவு வாங்கிவந்து போடுவார். எத்தனை தரம் சொன்னேன், வேண்டாம் என்று. இங்கே வயிறு நிறைந்தால் அங்கே வரமாட்டா என்பார். இலையுதிர்காலத்தில் வருத்தம் வந்து படுத்ததோடு அது நின்றது. இப்போது அவற்றுக்குப் பசி."

"ஏன் அப்பிடிச் செய்தவ?"

"பயம்" என்றார் ரெஜான்.

நான் மறுத்தேன். அக்காவுக்குப் பயமில்லை, அக்காவுக்குப் பயமில்லை என்று, பள்ளிக்கூடப் பிள்ளை பாடம் சொல்வதுபோல் இரண்டு தரம் சொன்னேன். அவர் ஒரு விழுந்த மரத்தில் இருந்துகொண்டு சொன்னார். நீங்கள் வந்த முதல் குளிர்காலம், முதல் ஊளை கேட்ட அன்று, அவர் வீட்டுக்கு நடந்தே போனீர்களாம். அவர் தந்த கோப்பிக் கோப்பையை உங்களால் பிடிக்க முடியவில்லையாம். மேசையில் வைத்து, குனிந்து வாயால் உறிஞ்சினீர்களாம். அந்த மாதம் முழுவதும் பின்னேரம் அவர் வந்து நின்றால்தான் கொட்டிலுக்குப் போனீர்களாம். அவர் வராத நாட்களில் கோயில் பாட்டோ ஏதோ, தொண்டை கிழியப் பாடிக்கொண்டு போவது அவருடைய வீடு வரைக்கும் கேட்குமாம்.

"ஒன்று மட்டும் கேட்டார். தம்பிக்குச் சொல்லவேண்டாம் என்றார். எனக்குப் பயமில்லை என்று நினைத்துத்தான் அவன் வளர்ந்தவன் என்றார்."

அக்கா, நான் அந்த எலும்புகளுக்கு நடுவில் நின்று படகை நினைத்தேன். இந்தியாவுக்குப் போன அந்தப் படகு. எனக்குப் பதினெட்டு வயது, உங்களுக்கு முப்பது. தலைக்கு மேலே ஹெலிகொப்டரின் சத்தம் வந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தீர்கள். ஒரு கை நடுங்கியது, மற்றது நடுங்கவில்லை என்றுதான் இத்தனை வருடமும் நினைத்தேன். நடுங்கினது என் கை என்றும் நினைத்தேன். அது யாருடைய கை?

உங்கள் மேல் எனக்குக் கோபமும் வந்தது, மறைக்கமாட்டேன். செத்த மூன்று மறிகளும் உங்கள் ஆடுகள். கொன்றவையும் நீங்கள் வளர்த்தவைதான். அதைச் சொல்லாமல் என்னை இங்கே அனுப்பினீர்கள்.

கோபம் இருந்தும் அடுத்த நாள் நான் செய்தது என்ன தெரியுமா? செத்த மறியைச் சறுக்குத்தட்டில் ஏற்றி, அந்த வெளிக்கே இழுத்துக்கொண்டு போனேன். ரெஜானுக்குச் சொல்லவில்லை. குட்டி போடும் வரைக்கும், இன்னும் இரண்டு மாதம், இப்படிச் சமாளித்துவிடலாம் என்று நினைத்தேன். பட்டப்பகல், நல்ல வெயில். பாதி வழியில் கயிறு கனத்ததுபோல் இருந்தது. திரும்பினேன்.

சாம்பல் ஓநாய் தட்டின் பின்னால் நின்றது. பத்தடி இருக்கும். எப்போது வந்தது, எவ்வளவு நேரம் என் பின்னால் நடந்து வந்தது, எனக்குத் தெரியாது. மற்ற இரண்டும் இரு பக்கமும் மரங்களுக்குள் நின்றன. அது என் முகத்தைப் பார்க்கவில்லை. தட்டைப் பார்த்தது, பிறகு சட்டையைப் பார்த்தது. மூக்கை உயர்த்திக் காற்றை இழுத்தது. அப்போதுதான் எனக்கு விளங்கியது. சிவப்புச் சட்டை, கரகரச் சத்தம், தோளில் கயிறு. அவை இத்தனை நாளும் என்னைப் பிடிக்க வரவில்லை. உங்களுக்காக வந்துகொண்டிருந்தன. ராசா குரைக்காததும் அதனால்தான்.

விளங்கியதால் பயம் குறையவில்லை. கூடியது. நான் அக்கா இல்லை என்று அது எப்போது கண்டுபிடிக்கும்? கயிற்றை விட்டேன். ஓடக்கூடாது என்று மட்டும் தெரியும், முழங்கால் பனியில் ஓடவும் முடியாது. பக்கவாட்டாக நடந்தேன். பின்னால் எலும்பு உடைகிற சத்தம் கேட்டது. வீட்டுக்கு வந்து கதவில் சாய்ந்தபோது என் காற்சட்டை நனைந்து, குளிரில் விறைத்திருந்தது. வசந்திக்கு இதுவரை சொல்லவில்லை. இதை வாசிக்கும்போதுதான் அவளுக்கும் தெரியவரும்.

அதற்குப் பிறகு ஐந்து நாள் ஒரு ஆடும் போகவில்லை. உங்கள் வழிதான் சரி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஆறாம் நாள் காலை கீழ்வீதியில் இருக்கும் பெண் ஒருவர் கதவைத் தட்டினார். நீங்கள் அறிந்த பெண்தான், அந்த இரண்டு பிள்ளைகளின் தாய். பெரிய மகளுக்கு ஒன்பது வயது. தங்கச்சியைச் சறுக்குத்தட்டில் இருத்தி இழுத்துக்கொண்டு பள்ளிக்கூட பஸ்ஸுக்குப் போவாள். அன்று மரங்களுக்குள்ளிருந்து ஒரு ஓநாய் வந்து, தட்டுக்குப் பக்கத்தில், கை எட்டும் தூரத்தில், வீதி வரைக்கும் கூடவே நடந்திருக்கிறது. பிள்ளைகள் நாயென்று நினைத்திருக்கிறார்கள். சின்னவள் கையை நீட்டப் போனாளாம். பஸ் சாரதி ஹோர்ன் அடித்தபடி ஓட்டிவந்து இடையில் நிறுத்தினாராம்.

அந்தப் பெண் சத்தம் போடவில்லை. உதடு வெளுத்திருந்தது. ஒன்றே ஒன்று கேட்டார்.

"நீங்கள் அவற்றுக்குச் சாப்பாடு போடுகிறீர்களா?"

"இல்லை" என்றேன்.

அவர் என் காலடியைப் பார்த்தார். வாசலில் தட்டு கிடந்தது, இரத்தக் கறையோடு. திரும்பிப் போய்விட்டார்.

ஓநாயைக் கண்டபோது வந்த பயம் ஒரு வகை. இது வேறு. அந்தச் சின்னக் கை கண்ணுக்குள்ளேயே நின்றது. மத்தியானம் ரெஜானிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, "அவை மறுபடியும் மனிதருக்குப் பயப்படப் பழகவேண்டும். இல்லாவிட்டால் சாகவேண்டும். வேறு வழி இல்லை" என்றார்.

அவற்றுக்குப் பயம் காட்டும் வேலை எனக்கு. பாருங்கள், அக்கா, யாரிடம் அந்த வேலை வந்து சேர்ந்ததென்று.

மூன்று நாள் டிராக்டரோடு அந்த வெளியில் நின்றோம். எலும்பையெல்லாம் கிண்டி அள்ளினோம். செத்த மிருகங்களை ஏற்றும் லொறிக்குச் சொல்லி அனுப்பினோம். கொட்டிலைச் சுற்றிக் கரண்ட் வேலி போட்டோம். வேலிக் கம்பியில் துணித்துண்டுகள் தொங்கவிட்டால் ஓநாய் தாண்ட யோசிக்கும் என்றார் ரெஜான். வசந்தி சனிக்கிழமை பஸ் ஏறி வந்தாள், கோயில் திருநாளுக்கு வாங்கி மிஞ்சின சிவப்புத் துணிச் சுருளோடு. குசினியில் இருந்து அன்று முழுக்கக் கிழித்தாள். ஒரு முறை ஊளை கேட்டது. கத்தரிக்கோல் நின்றது. "இதுதானே?" என்றாள். "இதுதான்" என்றேன். பிறகு கொஞ்சம் வேகமாகக் கிழித்தாள். திரும்பிப் போகும்போது உங்கள் சிவப்புச் சட்டையைச் சொல்லாமல் மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டாள்.

ஒவ்வொரு பின்னேரமும் அவை வரும் நேரத்துக்கு நான் சட்டியும் அகப்பையுமாக வெளியே போய் நின்று அடித்தேன். ரெஜான் வானத்தை நோக்கிச் சுடுவார். என் கை நடுங்கினபடியால் சட்டிச் சத்தம் நன்றாகவே வந்தது. ஒரு கிழமையில் இரண்டு ஓநாய்கள் வருவதை விட்டுவிட்டன. சாம்பல் மட்டும் விடவில்லை.

பங்குனியில், முதல் குட்டிகள் விழுந்த நாள். கொட்டிலுக்குள் நான் ஒரு மறியின் பின்னால் முழங்காலில் நின்றேன், கை முழங்கை வரை ஈரம். ராசா உறுமியது. கதவால் பார்த்தேன். எங்கோ துணிவேலியின் ஒரு மூலை பனியில் புதைந்திருக்கவேண்டும். சாம்பல் உள்ளே வந்துவிட்டது. முற்றத்தில், நீங்கள் வழக்கமாகத் தட்டில் பாரம் ஏற்றும் அந்த இடத்தில், இருந்துகொண்டிருந்தது. குட்டிகள் கத்துகின்றன, இரத்த மணம் காற்றில் நிற்கிறது, அது கொட்டில் கதவைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

மூலையில் கிடந்த ஒரு கட்டையை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். போனேன் என்று எழுதுகிறேன், எப்படிப் போனேன் என்று தெரியாது. கட்டையை எறிந்தேன். பக்கத்தில் விழுந்தது. அது எழும்பவில்லை. கத்தினேன். பிரெஞ்சும் வரவில்லை, இங்கிலீசும் வரவில்லை.

"போ. அக்கா செத்துப்போனா. இனி வரமாட்டா. போ."

அது காதைத் திருப்பியது. என் முகத்தை அன்றுதான் முதல்தரம் பார்த்தது. நான் திரும்பவும் சொன்னேன். "அக்கா இல்லை. விளங்குதே? போ." நான் அழுதுகொண்டிருந்தேன் என்பது பிறகுதான் தெரிந்தது. உங்கள் செத்தவீட்டில்கூட எனக்குக் கண்ணீர் வரவில்லை, வசந்தி அதைக் குறையாகச் சொன்னவள்.

அது போகவில்லை. எழுந்து, இரண்டு அடி, என்னை நோக்கித்தான் வந்தது.

ரெஜான் சத்தம் கேட்டுத் தன் வேலியால் வந்துவிட்டிருந்தார். துவக்கு அவர் தோளில் ஏறியிருந்தது. ஆனால் சுடவில்லை. "உங்கள் பண்ணை. நீங்கள் சொல்லவேண்டும்" என்றார்.

எனக்குப் பின்னால் குட்டிகள். எனக்கு முன்னால், ஏழு வருடம் நீங்கள் கையால் இழுத்துக் கொண்டுபோய்ச் சாப்பாடு போட்ட சீவன். வீதியில் ஒரு சின்னப்பிள்ளை நீட்டிய கை. நான் "ஓம்" என்றேன். தமிழில்தான் சொன்னேன். அவருக்கு விளங்கிவிட்டது.

அக்கா, உங்கள் ஓநாயைச் சுடச் சொன்னது நான்தான்.

பிறகு ரெஜான் அதன் உதட்டைத் தூக்கிக் காட்டினார். பற்கள் தேய்ந்து, இரண்டு உடைந்துபோயிருந்தன. கிழட்டுப் பெட்டை. இந்தப் பல்லால் மான் பிடித்திருக்க முடியாது, உங்கள் அக்கா இல்லாவிட்டால் இரண்டு வருடத்துக்கு முன்னமே செத்திருக்கும் என்றார். நான் அதன் பக்கத்தில் குந்தியிருந்தேன். செத்தபிறகும் தொடப் பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் நெற்றியில் ஒருமுறை கையை வைத்தேன். சூடாக இருந்தது.

அன்று பின்னேரமே கீழ்வீதி வீட்டுக்குப் போய், முன்பு கேட்டபோது பொய் சொன்னேன், சாப்பாடு போட்டது நான்தான், என் அக்காவும்தான் என்றேன். அந்தப் பெண் கேட்டுக்கொண்டிருந்தார். "சொன்னதற்கு நன்றி" என்று கதவைச் சாத்தினார். இன்றுவரை வீதியில் என்னைக் கண்டால் கை காட்டுவதில்லை. அதை நான் குறையாக எடுக்கவில்லை. நீங்களும் எடுக்காதீர்கள்.

மற்றச் செய்திகள் நல்லவை. நூற்றுப் பதினொரு குட்டிகள், ஆறுதான் தவறின. பால் மறந்தபிறகு விற்கத்தான் நினைத்தேன். வாங்க வந்தவர் ஆடுகளைப் பார்த்துக்கொண்டு நிற்க, எனக்கு வாய் வரவில்லை. பாதியை விற்றேன், நாற்பது மறிகளை வைத்துக்கொண்டேன். வேர்ஹவுஸுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். வசந்தி வெள்ளிக்கிழமைகளில் வருகிறாள், ஞாயிறு பூசைக்கு லாசால் திரும்புகிறாள். அடுத்த வருடம் வந்துவிடுகிறேன் என்கிறாள், பார்ப்போம். ராசாவுக்குத் துணையாக இரண்டு நாய்கள் எடுத்திருக்கிறேன். அவை ஓநாயைக் கண்டால் குரைக்கும்.

மற்ற இரண்டும் ஆற்றுக்கு அப்பால் நிற்கின்றன. இந்தக் கோடையில் சத்தம் இரண்டுக்கு மேலாகக் கேட்டது. ரெஜான் குட்டிகள் என்கிறார். கேட்கும்போதெல்லாம் என் கோப்பையில் தேத்தண்ணி ஆடுகிறது. ஒரு வருடமாகியும் அது மாறவில்லை. இனி மாறாது என்றுதான் நினைக்கிறேன்.

ஒன்றுதான் எனக்கு ஆறவில்லை. ஏன் எனக்குச் சொல்லவில்லை, அக்கா? பயமாயிருக்குது தம்பி, வா என்று ஒருநாள் போன் எடுத்திருந்தால் நான் வந்திருப்பேனா? வந்து காருக்குள் இருந்திருப்பேனா? இருந்தாலும், காருக்குள் ஒருவன் இருக்கிறான் என்பதே உங்களுக்குப் போதுமாக இருந்திருக்குமோ? ஏழு குளிர்காலம் அந்தக் கொட்டிலுக்குத் தனியப் பாடிக்கொண்டு போனீர்களே.

இன்று காலை முதல் பனி விழுந்தது. வேலியைச் சுற்றிப் பார்க்கவேண்டும், துணிகள் புதையாமல் உயர்த்திக் கட்டவேண்டும். பகல் இருக்கும்போதே போகப்போகிறேன். பயத்தோடுதான் போவேன், அதை ரெஜானுக்கும் வசந்திக்கும் சொல்லிவிட்டே போவேன். இந்தக் குளிர்காலம் முழுவதும், அதற்கடுத்த குளிர்காலங்களிலும், அவை அந்தப் பக்கம் நிற்க நான் இந்தப் பக்கம் நிற்பேன். அவற்றுக்குக் கொடுக்க என் கையில் எதுவும் கொண்டுபோகமாட்டேன். இது உங்களுக்கு என் வாக்கு.

உங்கள் தம்பி,
உங்களைப்போலவே பயந்தவன்,
அன்ரன்